ஒரு புள்ளியின் விலை

எழுத்துக்குப் புள்ளி எத்துணை இன்றியமையாதது என்பதை முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருக்கிறோம். அரபியில் கீழே ஒரு புள்ளி இட்டால் ‘பா’. மேலே இரண்டு இட்டால் ‘தா’. மூன்று இட்டால் ‘ஸா’. தமிழில் புள்ளி நீங்கினால் ‘கல்’ என்பது ‘கல’ ஆகிவிடும். இவ்வளவும் கற்பித்த நமக்கே, பழைய அச்சு இயந்திரம் ஒன்று அப்பாடத்தை மீண்டும் நடத்தியது.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் கடைத்தெருவில் விளம்பரப் பலகைகள் அச்சிட்டுப் பிழைக்கிறார். அகலமான தாளில் மை தெளித்து அச்சிடும் இயந்திரம் ஒன்று பழையதாக விலைக்கு வந்தது. “ஹஜ்ரத், நீங்களும் ஒரு முறை வந்து பாருங்கள்” என்று அழைத்தார். சென்றோம். விற்பவர் மலர்த்தோட்டப் படமொன்றை அச்சிட்டுக் காட்டினார். வண்ணங்கள் கண்ணைப் பறித்தன. “நன்றாக இருக்கிறது தம்பி, வாங்கிக் கொள்ளுங்கள்” என்றோம். அவர் தம் மனைவியின் வளையல்களை விற்று வாங்கினார்.

முதல் வேலை நம்முடையதே. மக்தபுப் பிள்ளைகளுக்கான எழுத்து அட்டவணை. அச்சாகி வந்ததைப் பார்த்துத் திகைத்தோம். பெரிய எழுத்துகளின் குறுக்கே வெள்ளைக் கோடுகள். சிறிய எழுத்துகளிலோ பல புள்ளிகளையே காணோம். அக்காலத்தில் ஓலையில் எழுதியோர், ஓலை கிழியுமென்று அஞ்சிப் புள்ளியிடாமல் விடுவதுண்டு. கற்றவர் தம் அறிவால் அதை நிரப்பிப் படித்தனர். இன்றுதான் எழுத்தைக் காணும் குழந்தை எதைக் கொண்டு நிரப்பும்?

பழுது அச்சுத்தலையில் இருந்தது. தொழிலில் இருப்போர் அதை ‘ஹெட்’ என்பர். சில படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் பிறக்கும் என்பதை 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டனர். அதன் மறுதலையாக, மின்சாரம் பாய்ச்சினால் அத்தகைய பொருள் நெளியும். அந்நெளிவே மையைத் துளி துளியாக வெளியே தள்ளுகிறது. அவருடைய ஹெட்டில் வரிசைக்கு 180 துளைகள். எட்டு வரிசைகளில் 1440. ஒவ்வொரு துளைக்கும் ஒரு சிறு கோடு இட்டுக் காட்டும் சோதனைத் தாள் உண்டு. கறுப்பு வரிசையில் அக்கோடுகள் பல இல்லை. எத்தனை முறை கழுவினாலும் அதே இடங்களே வெறுமையாக நின்றன. இடம் மாறி மாறி விடுபட்டிருந்தால் மை வரும் வழியில் காற்றோ தடையோ இருப்பதாகக் கொள்ளலாம். மாறாது நின்றதால் ஹெட்டே கெட்டதென்று தெளிந்தது.

உடனே புதியது வாங்க மாணவர் துடித்தார். “பழையது ஏன் கெட்டது என்று அறியாமல் புதியதைப் பூட்டினால் அதுவும் கெடாதோ?” என்று கேட்டோம். தேடியபோது, இயந்திரம் ஓயும் நேரத்தில் ஹெட்டை மூடிக் காக்கும் ரப்பர் மூடி இறுகிப் போயிருந்தது. இரவெல்லாம் காற்றுப் பட்டு மை துளைக்குள்ளேயே காய்ந்திருக்கிறது. முதலில் அதை மாற்றினார். பிறகு சென்னையிலிருந்து ஹெட் தருவித்தார்.

அஸருக்குப் பின் வேலை தொடங்கியது. மின்னிணைப்பை அறவே துண்டித்தார். மைக்குழாய்களைக் கழற்றுகையில் துணியால் தாங்கிப் பிடித்தார். கேபிள் முனையில் ஒரு துளி மை பட்டுவிட்டால், மின்சாரம் பாய்ந்தவுடன் புதிய ஹெட்டும் மின்பலகையும் ஒருங்கே எரியக்கூடும். கேபிளைக் கோணாமல் நேராகச் செருகினார். ஹெட்டின் மேல் ஒட்டியிருந்த நீண்ட எண்ணை இயந்திரத்துக்குள் பதிந்தார். ஒவ்வொரு ஹெட்டும் வேண்டும் மின்னழுத்தம் சற்றே வேறுபடுமாம். அதை அறிவிப்பதே அவ்வெண். மாணவர்களும் அப்படித்தானே என்று நினைத்துக் கொண்டோம். சாய்வு சரிசெய்து சோதனைத் தாளை எடுத்தபோது ஒரு கோடும் குறையவில்லை. அவர் முகத்தைப் பார்க்கும் துணிவு அப்போதுதான் நமக்கு வந்தது.

விற்றவர் ஏன் படத்தைக் காட்டினார் என்பதும் அன்றே விளங்கியது. ஒரே இடத்தின் மீது ஹெட்டைப் பலமுறை மெதுவாக ஓட்டி அச்சிட்டால், ஒரு துளையின் குறையை வேறொரு துளை மூடிவிடும். குறையை மறைத்து விற்பது கூடாது என்று பிக்ஹுப் பாடத்தில் ஆண்டுதோறும் நடத்துகிறோம். ஆயினும் அவரை மட்டும் குறை கூற மனம் ஒப்பவில்லை. அறியாத பொருளுக்கு “நன்றாக இருக்கிறது” என்று சான்று சொன்னவர் நாமல்லவா? ஹெட்டின் விலையில் ஒரு பகுதியை ஏற்க முன்வந்தோம். “வேண்டாம் ஹஜ்ரத்” என்று மறுத்தார். வற்புறுத்திக் கொடுத்தோம்.

பழைய இயந்திரம் வாங்கும் அன்பர்கள் படத்தைப் பார்க்க வேண்டா; சோதனைத் தாளைக் கேளுங்கள். உடன் செல்லும் பெரியவர்கள், தெரியாததைத் தெரியாதென்று சொல்லுங்கள். அட்டவணை இப்போது மக்தபுச் சுவரில் தொங்குகிறது. ‘பா’வின் கீழே உள்ள புள்ளியைப் பிள்ளைகள் விரலால் தொட்டு ஓதும்போதெல்லாம் அந்த வளையல்கள் நம் நினைவுக்கு வருகின்றன.