ஆறு மணிக்குள் வீடு

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எங்கள் தெருப் பிள்ளைகள் யாரும் வெளியே இருக்கக் கூடாது. முக்கூடலில் நாங்கள் வளர்ந்த காலத்தில் தெரு முழுக்க இதே சட்டம்தான். மடியில் பீடித்தட்டோடு அம்மாக்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பஸ் ஐந்து நிமிடம் தாமதமானால் தட்டை இறக்கி வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிடுவார்கள். பின்சீட்டில் உட்காராதே, யார் என்ன சொன்னாலும் திருப்பிப் பேசாதே, ஆத்துப் பக்கம் தனியாகப் போகாதே. வகுப்பில் எங்களுக்கு 'அம்மா பிள்ளைகள்' என்று பெயர். (அதைவிட மோசமான பெயர்களும் இருந்தன. அவற்றை இங்கே எழுத விருப்பமில்லை.)

ஆற்றைப் பற்றிய பயம் எங்கிருந்து வந்தது என்பது பின்னால்தான் புரிந்தது. 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்தியது. தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள், கைக்குழந்தை உட்பட. எங்கள் ஊரைத் தாண்டிப் போகும் அதே ஆறு.

பள்ளியில் நடந்ததை நாங்கள் வீட்டில் சொன்னதில்லை. கையில் கலர்கயிறு கட்டியவர்களின் பையைச் சுமந்தோம், பஸ் காசைக் கொடுத்துவிட்டு நடந்து வந்தோம். எங்களில் ஒருவன் மட்டும் சொன்னான். மறுநாளே அவன் அம்மா, "நீ படிச்சது போதும் மக்கா, உசுரோட இரு" என்று நிறுத்திவிட்டார். அந்த வருஷமே கேரளாவுக்கு வேலைக்குப் போனான். அதைப் பார்த்த பிறகு மற்றவர்கள் வாயே திறக்கவில்லை. அடித்தவர்களுக்கு அது வசதியாகப் போனது.

எம்.ஏ. சமூகவியல் வகுப்பில், பிள்ளைகளைப் பொத்திப் பொத்தி வளர்ப்பதைப் பற்றிப் படித்தபோது எங்கள் அம்மாக்களைத்தான் நினைத்துக்கொண்டோம். தவறான நினைப்பு அது. பள்ளியும் போலீசும் செய்ய வேண்டிய காவலை, பீடி சுற்றும் பெண்கள் தனியாளாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

2019-இல் கயிறுகளைத் தடுக்கச் சொல்லிப் பள்ளிக்கல்வி இயக்குநர் சுற்றறிக்கை அனுப்பினார். இருக்கிற நிலையே தொடரும் என்று அமைச்சர் சொல்லிவிட்டார். 2022 ஏப்ரலில் பள்ளக்கால் பொதுக்குடியில், கயிறு தொடர்பான சண்டையில் பள்ளி மாணவன் ஒருவன் இறந்தான்.

2023 ஆகஸ்ட் 9. நாங்குநேரி மாணவனைச் சிகரெட் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள், காசைப் பிடுங்கியிருக்கிறார்கள். அவனும் வீட்டில் சொல்லாமல் பள்ளிக்குப் போவதைத்தான் நிறுத்தினான். விசாரித்த பிறகே விஷயம் வெளியே வந்தது. புகார் போன அன்றிரவே அரிவாளோடு வீட்டுக்குள் புகுந்தார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. அந்தப் பையன் தேர்வெழுதி, அடுத்த ஆண்டு பிளஸ் டூவில் 600-க்கு 469 வாங்கினான். அதைக் கொண்டாடிய பலரும் புகாருக்கும் வெட்டுக்கும் இடையில் இருந்த அந்தச் சில மணி நேரத்தைப் பற்றிப் பேசவில்லை.

நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறுக்குத் தடை, 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளுக்கு நல அலுவலர் என்று நல்ல பரிந்துரைகள் இருக்கின்றன. தோழர்கள் அதைப் படித்துவிட்டு அவரவர் பள்ளியில் போய்க் கேட்க வேண்டும்.

மாலை வகுப்பு நடத்தும் தெருக்களில் முன்பெல்லாம், "பிள்ளைய கொஞ்சம் சுதந்திரமா விடுங்கக்கா" என்று அறிவுரை சொல்வோம். ஒரு அக்கா இலை வெட்டுவதை நிறுத்தாமலே கேட்டார்: "விடுதேன். ராத்திரி கதவ தட்டுனா நீங்க வருவீங்களா?"

அந்த அறிவுரையை அன்றோடு விட்டுவிட்டோம். இப்போது ஒரு பிள்ளை வாய் திறந்து சொன்னால், தலைமையாசிரியரிடம் பெற்றோர் தனியாகப் போவதில்லை, தெருவே போகிறது. புகாரின் நகல் அன்றைக்கே போலீஸ் ஸ்டேஷனுக்கும் போகும். அன்றிரவு எங்களில் இரண்டு பேர் அந்த வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்கிறோம்.