குசினிக் கதவின் இரு பக்கம்

ரொறன்ரோவின் யூனியன் ரயில் நிலையத்துக்கு எதிரே 1929 ஜூன் 11 அன்று கனடியன் பசிபிக் ரயில்வே திறந்த றோயல் யோர்க் ஹோட்டல், 28 மாடிகளோடு அன்றைய பிரிட்டிஷ் பேரரசின் மிக உயரமான கட்டடமாக விளங்கியது. இத்தகைய ஹோட்டல்களின் உணவகத்தை மேசையில் அமர்ந்து பார்ப்பவருக்கு அங்கு நடப்பது உபசாரமாகத் தெரியும். குசினியில், அதாவது இலங்கைத் தமிழர் போர்த்துக்கேயரிடமிருந்து எடுத்துக்கொண்ட பெயரில் சமையலறையில், நின்று பார்ப்பவருக்கோ அது முழுக்க நேரக்கணக்காகவே தெரியும்.

நால்வர் அமர்ந்த மேசையில் ஒருவர் தடித்த மாட்டிறைச்சித் துண்டும் மற்றொருவர் மீனும் கேட்டால், இறைச்சி வெந்து, வெட்டும்போது சாறு ஒழுகாதபடி சில நிமிடம் ஆறிய பின்னரே தட்டேற வேண்டும்; மீனோ ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும். நான்கு தட்டுகளும் ஒரே நேரத்தில் சூட்டோடு மேசைக்குப் போயாக வேண்டுமாதலால், குசினிக்கும் பரிமாறுவோருக்கும் இடையிலுள்ள 'பாஸ்' என்னும் மேடையில் ஒருவர் நின்று, எதை எப்போது அடுப்பில் ஏற்றுவது என்று குரல் கொடுக்கிறார். அதற்கு முன்னரே நறுக்கி, அளந்து, கைக்கெட்டும் இடத்தில் அடுக்கி வைக்கும் ஆயத்தத்தைப் பிரெஞ்சில் 'மீஸோன் பிளாஸ்' என்பர். கலியாண வீட்டில் முதல்நாள் இரவு ஊர் கூடி மரக்கறி வெட்டிய அனுபவமுள்ளோருக்கு இது புதிய தத்துவம் அன்று.

சமையலறையைப் படை போலப் படிநிலைகளாகப் பிரித்த முறைக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செம்மையான வடிவம் தந்தவர் பிரெஞ்சுச் சமையற்கலைஞர் ஒகுஸ்ட் எஸ்கோஃபியே. 1983 ஜூலை வன்முறைக்குப் பின் கனடாவுக்கு வந்த ஈழத்தமிழர் பலர் ரொறன்ரோ உணவகங்களில் அந்தப் படையின் கடைசிப் படியில்தான் நுழைந்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'கோப்பை கழுவுதல்'. யாழ்ப்பாணத்தில் கோப்பை என்பது தட்டு என்பதையும் தமிழக வாசகர் நினைவில் கொள்ள வேண்டும். இல்லையேல் வேலையின் பாரம் பாதியாகக் குறைந்து தெரியும். எச்சிலை வழித்து, தட்டுகளை இனம் பிரித்துக் கூடைகளில் நிறுத்தி, 82 பாகை செல்சியஸ் வெந்நீரில் இயந்திரம் அலசியதும், துணி படாமல் காற்றிலேயே உலரவிட்டு எடுக்கும் இந்த வேலை சற்றுப் பின்தங்கினாலும் பாஸில் வைக்கத் தட்டு இராது. இதிலிருந்து மரக்கறி வெட்டுதலுக்கும், பின்னர் அடுப்புக்கும், சிலர் தலைமைச் சமையற்காரர் நிலைக்கும் ஏறினர். குசினியில் 'அண்ணை' என்று அழைக்கப்படுபவரே பெரும்பாலும் புதிதாக வரும் 'தம்பி'க்கு வாத்தியாரும் ஆவார்.

இத்தொழிலின் உரிமைகள் தானாக வந்தவை அல்ல. றோயல் யோர்க்கில் 1961இல் தொடங்கிய வேலைநிறுத்தத்தின்போது பணியாளரை நிர்வாகம் நீக்கியதையடுத்து எழுந்த வழக்கில், சட்டப்படி வேலைநிறுத்தம் செய்பவர் தொழிலாளி என்ற நிலையை இழப்பதில்லை என்று கனடிய உச்ச நீதிமன்றம் 1962இல் தீர்ப்பளித்தது. விருந்தினர் தரும் 'டிப்ஸ்' பணத்தை முதலாளி பிடித்துக்கொள்வதைத் தடுக்கும் ஒன்ராறியோச் சட்டம் 2016 ஜூனில்தான் நடைமுறைக்கு வந்தது. அதைப் பணியாளரிடையே பொதுவில் சேர்த்துப் பகிர்வதை அச்சட்டம் அனுமதித்தாலும், குசினிக்கு எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் மாறும். இரவில் அடுப்புகள் அணைந்து, சமைத்தவர்கள் உடைமாற்றிக்கொண்டு வெளியேறும் நேரத்தில், அவர்கள் விட்டுச்சென்ற அடிப்பிடித்த சட்டிகள் எல்லாம் கோப்பை கழுவுபவரிடம் வந்து சேர்கின்றன.