தட்டிப் பார்த்து வாங்கட்டும்

விருத்தாசலத்தில் பீங்கான் ஜாடி வாங்க வருகிறவர்கள் விரலை மடக்கி ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் நல்ல சரக்கு. சத்தம் மந்தமாக வந்தால் எங்கேயோ விரிசல். செராமிக் தொழிற்பேட்டையில் பட்டறை நடத்திய காலம் முழுக்க, தட்டிப் பார்க்க வேண்டாமென்று யாரையும் நான் தடுத்ததில்லை.

மாதாமாதம் சந்தா கட்டும் மென்பொருளை அப்படித் தட்டிப் பார்க்க வாங்குபவருக்கு இருக்கிற ஒரே இடம் அதன் இணையதளம். பட்டறைக்கு ஜிஎஸ்டி பில் போட வேண்டியிருந்தது. பேரன் செல்போனில் ஒரு கம்பெனியின் பக்கத்தைத் திறந்தான். முதல் திரை முழுக்கச் சிரித்த முகங்கள், பெரிய பெரிய வார்த்தைகள். பில் போடுமா, ஸ்டாக் கணக்கு வைக்குமா என்பதே விளங்கவில்லை. விலையைத் தேடினால் போன் நம்பர் கேட்டது. இலவசமாகப் பாருங்கள் என்ற பட்டனை அழுத்தினால் கார்டு நம்பர் கேட்டது. இலவசக் கெடு முடிந்தபின் எவ்வளவு பிடிப்பார்கள் என்பது அடியில், பொடி எழுத்தில். "சேர வழி இருக்கு தாத்தா, விலக வழியக் காணோமே" என்றான் பேரன். அதோடு மூடிவிட்டோம்.

மென்பொருள் தொழில் நம்மவர்களுக்குப் புதிதல்ல. ஸோஹோ 2011 முதல் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலிருந்தும் மென்பொருள் செய்கிறது. 2010-இல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தைக்குப் போனது. முகம் பார்க்காத ஊர்களுக்கு விற்கிற வியாபாரம் இது.

ஜாடியை ஒருமுறை விற்றால் கணக்கு முடிந்தது. சந்தா அப்படியல்ல, ஒவ்வொரு மாதமும் புதிதாக விற்றாக வேண்டும். மாட்டிக்கொண்டோம் என்று நினைக்கிற வாடிக்கையாளர் எத்தனை மாதம் இருப்பார்? 2023 நவம்பர் 30-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், வாங்குபவரை ஏய்க்கும் 13 வகை வடிவமைப்புகளைத் தடை செய்தது. விலகவிடாமல் சுற்றலில் விடும் சந்தாப் பொறியும் அதில் ஒன்று. மென்பொருள் சந்தா என்ற பெயரில் சொல்லாமல் பணம் பிடிப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கார்டிலிருந்து தானாகச் சந்தா எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே தகவல் போக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. சட்டம் வரும்வரை காத்திருந்திருக்க வேண்டாம் என்பதுதான் என் வருத்தம்.

இணையதளம் கட்டும் தம்பிகளே, தங்கச்சிகளே, உங்கள் மென்பொருள் என்ன வேலை செய்யும் என்பதை முதல் திரையிலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். ஜிஎஸ்டி வரியையும் சேர்த்து ரூபாயில் விலை போடுங்கள். இலவசக் கெடு எந்தத் தேதியில் முடியும், அன்று எவ்வளவு பிடிப்பீர்கள் என்பது கார்டு கேட்பதற்கு முன்பே தெரியட்டும். சேரும் பட்டன் எத்தனை பெரிதோ, விலகும் பட்டனும் அத்தனை பெரிதாக இருக்கட்டும். எல்லாம் முடிந்தபின் ஒரு பழைய செல்போனில், சிக்னல் குறைந்த இடத்தில் நின்று, நீங்களே ஒருமுறை திறந்து பாருங்கள்.