கட்கி பஜாரில் ஒரு சாய்வு நாற்காலி

புனேயின் கட்கி பஜாரில் காலை எட்டு மணிக்கு என் அத்தான் காய்கறி வாங்கப் புறப்பட்டால் தெருவே ஒரு நிமிடம் நின்று பார்க்கிறது. தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருக்கை. அதில் முதுகைச் சாய்த்து, கால்களை முன்னால் நீட்டி, 66 வயதுக்காரர் ஒருவர் நிதானமாக மிதித்துப் போகிறார். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. "ஆராம்குர்ச்சி ஆலி!" என்று பழக்கடைக்காரர் குரல் கொடுக்கிறார். சாய்வு நாற்காலி வந்துவிட்டதாம்.

ஆங்கிலத்தில் இந்த வண்டிக்கு ரிக்கம்பென்ட் டிரைக் என்று பெயர். மொழிபெயர்ப்பில் பிழைப்பவள் ஆயிற்றே, ரயிலில் வரும்போதே தமிழில் ஒரு சொல் தேடிக்கொண்டு வந்தேன். சாய்மிதி, கிடைமிதி என்று என்னென்னவோ தோன்றின. எதுவும் வாயில் நிற்கவில்லை. தமிழ் எம்.ஏ.வைப் பழக்கடைக்காரர் ஜெயித்துவிட்டார்.

அத்தான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். 22 வயதில் புனே வந்து, ஓய்வு பெறும்வரை பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையின் டூல்ரூமில் ஃபிட்டராக இருந்தார். வேலைக்குப் போக, வர சைக்கிள்தான். "ஷிப்ட் மாறும் நேரத்தில் ஹாரிஸ் பாலத்தில் பார்க்கணுமே! சைக்கிள் மணிச் சத்தத்தில் ஆற்றுச் சத்தமே கேட்காது" என்கிறார். (ஆற்றில் சத்தம் போடும் அளவுக்கு எப்போது தண்ணீர் ஓடியது என்று அக்கா குறுக்கே கேட்கிறாள்.) புனேயைச் சைக்கிள் நகரம் என்று ஊரார் பெருமையாகச் சொல்லிக்கொண்ட காலத்தின் கடைசிப் பகுதி அது. அக்குர்டியில் பஜாஜ் ஸ்கூட்டர்கள் உருவாகிக்கொண்டிருந்தன. 1972இல் கைனெட்டிக் நிறுவனத்தின் லூனா வந்தது. மணிச் சத்தம் மெல்ல மெல்ல அடங்கியது. இன்று அந்தக் காலத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் கர்வே நகரில் உள்ள விக்ரம் பெண்ட்சே சைக்கிள் மியூசியத்துக்குப் போகலாம். இரண்டாம் உலகப் போரில் பாராசூட் வீரர்களுக்காகச் செய்த மடக்குச் சைக்கிள்கூட அங்கே இருக்கிறது.

அத்தானின் சைக்கிள் வாழ்க்கை நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலைப் பொழுதில் முடிந்தது. காதுக்குள் கோளாறு, தலைசுற்றல். இரு சக்கர வண்டி எதையும் தொடக்கூடாது என்றார் டாக்டர். ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தார். ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசைவிட, ஒவ்வொன்றுக்கும் பிள்ளையை எதிர்பார்ப்பதுதான் அவரை அரித்தது. "அப்போது இவர் பேசினதே குறைவு" என்கிறாள் அக்கா.

பிறகு போசரியில் ஒரு பழைய நண்பரின் லேத் பட்டறைக்குப் போக ஆரம்பித்தார். சதுர இரும்புக் குழாய், குழந்தைகள் சைக்கிளின் 20 அங்குலச் சக்கரங்கள் மூன்று, ஓட்டை நாற்காலியிலிருந்து கழற்றிய வலை. சாதாரண சைக்கிளின் முன்சக்கரம் கவட்டைக்குள் இரு பக்கமும் பிடிபட்டு நிற்கும். இதில் முன்சக்கரங்களுக்கு ஒரு பக்கம்தான் பிடி. அதனால் தடித்த அச்சைத் தானே கடைந்துகொண்டார். சைக்கிள் திருப்பத்தில் சாயும், இது சாயாது. பக்கவாட்டு விசை முழுவதையும் சக்கரம்தான் தாங்க வேண்டும். பெரிய சக்கரம் நெளிந்துவிடும் என்பதால்தான் சின்னச் சக்கரம். செயின் மட்டும் மூன்றரை சைக்கிளுக்கு உரியது.

முதல் வண்டி தோற்றது. பிரேக் பிடித்தால் ஒரு பக்கமாக இழுத்தது. சக்கரம் திரும்பும் அச்சைக் கற்பனையாகக் கீழே நீட்டினால், அது டயர் தரையைத் தொடும் இடத்தில் போய் முட்ட வேண்டுமாம். இவருடையது இரண்டு விரற்கடை விலகியிருந்தது. அறுத்துவிட்டு மறுபடி பற்றவைத்தார். இரண்டாவது வண்டிதான் இப்போது ஓடுவது.

இந்த வண்டிக் குடும்பத்தின் பூர்வகதை பிரான்சில் இருக்கிறது. சைக்கிள் ஆபத்து என்று மனைவி சொன்னதால், ஷார்ல் மோஷே என்பவர் தன் மகனுக்காக நாலு சக்கர மிதி வண்டி ஒன்றைச் செய்தார். பிறகு அதையே பாதியாக்கி, சாய்ந்து மிதிக்கும் சைக்கிளாக்கினார். 1933 ஜூலையில் பிரான்சிஸ் ஃபோர் அதில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓட்டி, 1914 முதல் அசையாமல் நின்ற சாதனையை முறியடித்தார். மறு ஆண்டே சர்வதேச சைக்கிள் சங்கம் இது சைக்கிளே இல்லை என்று பந்தயங்களிலிருந்து விலக்கிவிட்டது. அந்தத் தீர்ப்பு மட்டும் வேறுவிதமாக இருந்திருந்தால் நம் ஊர்க் கடைகளில் என்ன வண்டி தொங்கியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

நம் நாட்டில் மூன்று சக்கரத்தைப் பற்றி அக்கறையோடு யோசித்த இடமும் புனேக்கு அருகில்தான் இருக்கிறது. சுமார் 110 கிலோமீட்டர் தள்ளி பல்டன் என்ற சிற்றூர். அங்கே நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில், அமெரிக்காவிலிருந்து 1981இல் திரும்பிய பொறியாளர் அனில் ராஜ்வன்ஷி, சைக்கிள் ரிக்‌ஷாவைப் பிரித்துப் பார்த்தார். சிறு மேடு வந்தாலும் இறங்கி இழுக்க வேண்டிய பல் சக்கர அமைப்பு. பிரேக் முன்சக்கரத்தில் மட்டும். கியரும் பின்சக்கர பிரேக்கும் கொண்ட ரிக்‌ஷா, மோட்டார் துணையுள்ள ரிக்‌ஷா, பேட்டரி ரிக்‌ஷா என்று அவர் குழு வரிசையாகச் செய்தது. 2002இல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் அதைப் பற்றி எழுதினார். இன்று வட இந்திய நகரங்களில் மொய்க்கும் பேட்டரி ரிக்‌ஷாக்களில் ஏறுபவர்களுக்குப் பல்டன் எங்கே என்று தெரியாது.

ஒரு மாலை நானே ஓட்டிப் பார்த்தேன். ரேஞ்ச் ஹில்ஸ் பக்கம் ஒரு ஏற்றம். சைக்கிளில் வேகம் குறைந்தால் தடுமாறுவோம், இறங்கித் தள்ளுவோம். இதில் ஆகக் குறைந்த கியரைப் போட்டு, நத்தையாக ஏறலாம். மூச்சு வாங்கினால் அப்படியே நின்று உட்கார்ந்திருக்கலாம். விழுவதற்கு வழியே இல்லை. ஆனால் பஸ் ஒன்று பக்கத்தில் வந்தபோது என் கண் மட்டத்தில் அதன் சக்கரம் சுழன்றது. உடம்பு கூசியது. சைக்கிள் பாதைக்குப் போகலாம் என்றால், அங்கே ஸ்கூட்டர்களும் ஒரு வடாபாவ் வண்டியும் நின்றன. இரண்டே முக்கால் அடி அகல வண்டி எப்படி நுழையும்? 800 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் பாதை அமைக்கும் திட்டத்துக்கு 2017இல் ஒப்புதல் கொடுத்த நகரம் இது.

"முன்னே தலைசுற்றி விழுவாரோன்னு பயம். இப்ப லாரிக்காரன் கண்ணுக்குத் தெரியாமப் போயிடுவாரோன்னு பயம்" என்கிறாள் அக்கா. வண்டியின் பின்னால் ஆளுயர மூங்கில் குச்சியில் படபடக்கும் ஆரஞ்சுக் கொடி அவளுடைய பழைய சுங்குடிச் சேலையிலிருந்து கிழித்தது. வெயிலில் வெளுக்க வெளுக்க மாற்றுகிறாள். நான் கிளம்பிய அன்று மூன்றாவது துண்டைத் தைத்துக்கொண்டிருந்தாள்.