மூன்று லட்ச ரூபாய் ஊசி

தென்னையிலிருந்து விழுந்து, தண்டுவடத்தில் அடிபட்டு, 6 வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறான் எங்கள் ஊர்த் தம்பி ஒருவன். 'ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடக்கலாம்' என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "நெலத்த விக்கிறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ பாத்துட்டு வாங்கண்ணே" என்றார் அவன் அம்மா.

அந்த ஊசி போடும் மருத்துவமனைக்குப் போனேன். சென்னை கிண்டி மெட்ரோவிலிருந்து இரண்டு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 100 ரூபாய். வாசலில் மூன்று படிகள். சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் இல்லை.

வரவேற்பறை டிவியில் ஒருவர் எழுந்து நிற்கும் வீடியோ திரும்பத் திரும்ப ஓடியது. மூன்றாம் முறைதான் கவனித்தேன்: பேன்ட்டுக்குள் காலிப்பர் (காலைத் தாங்கும் கருவி) புடைத்துத் தெரிந்தது. காலிப்பர் கட்டிப் பழகினால் ஊசியே இல்லாமலும் பலரால் நிற்க முடியும்.

"இடுப்பெலும்புல மஜ்ஜை எடுத்து, செல்லைப் பிரிச்சு, அன்னைக்கே முதுகுல போட்டுடுவோம் சார். ஒரு தடவைக்கு மூணு லட்சம்" என்றார் ஆலோசகர்.

"நரம்பு வளருமா?"

"ஜப்பான்லயே வளர்த்துட்டாங்களே சார்!"

ஜப்பானில் கெயோ பல்கலைக்கழகம் செய்தது வேறு. ஐ.பி.எஸ். செல்களிலிருந்து (சாதாரண உடல் செல்களை ஸ்டெம் செல் போல மாற்றியவை) நரம்பு முன்னோடிச் செல்களை வளர்த்து, அறுவை சிகிச்சை செய்து, அடிபட்ட தண்டுவடத்திலேயே 20 லட்சம் செல்களை வைத்தார்கள். அதுவும் அடிபட்ட 14 முதல் 28 நாட்களுக்குள். நாள் போனால் அங்கே தழும்பும் குழியும் விழுந்து, நரம்பிழை கடக்க வழியில்லாமல் போகிறது. நான்கே பேர். 2025 மார்ச்சில் சொன்ன முடிவில் இருவருக்கு அசைவு கூடியிருந்தது. அவர்களில் ஒருவர் எழுந்து நின்றார். எனக்கும் அந்தச் செய்தி பெரிய நம்பிக்கை தந்தது. 6 வருடக் காயத்துக்கு அதைக் காட்டி மஜ்ஜை ஊசி விற்பது அநியாயம்.

ஆலோசகரிடம் மருத்துவச் சோதனைப் பதிவு எண் கேட்டேன். மேலாளர் வந்தார், சுவரில் மாட்டிய சான்றிதழ்களைக் காட்டினார். நின்று படித்தேன். ஒன்று ஆய்வகத்துக்கு, இன்னொன்று ஏதோ பயிற்சிக்கு. எண் வரவில்லை.

பின்பக்கம் பிசியோதெரபி அறை, வியர்வையும் டெட்டாலும் கலந்த வாடை. இணைக் கம்பிகளைப் பிடித்தபடி ஒரு பெரியவர் அடி அடியாக நகர்ந்தார். ஒரு பையன் பாயிலிருந்து கைவலுவிலேயே நாற்காலிக்கு ஏறினான். கட்டணம் 600 ரூபாய். கண்ணால் கண்ட முன்னேற்றம் அங்கேதான் இருந்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல்படி, தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல் என்பது இன்னும் சோதனைதான். சோதனைக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தால், முதலில் மருத்துவச் சோதனைகளுக்கான இந்தியப் பதிவேட்டின் (சி.டி.ஆர்.ஐ.) பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் இல்லை, பணம் மட்டும் கேட்கிறார்கள் என்றால், நிலத்தை விற்காதீர்கள்.