ரம்பத் துண்டு

ஒருவர் வீட்டுக்குப் போனால் நாம் முதலில் பார்ப்பது வீட்டுக்காரரின் முகத்தை. அது நியாயந்தான். ஆனால் அவர் வந்து கதவைத் திறப்பதற்குள் கிடைக்கிற ஒரு நிமிஷத்தில் வாசல் நிலையைப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்? பழைய வீடாக இருந்தால் நிலைக்காலின் உள் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை சில வரிகள் ஓடும். ஒரு மேடு, ஒரு பள்ளம், அடுத்தாற்போல் கொண்டைக்கடலைப் பருமனில் ஓர் உருட்டு. வேஷ்டிக்குக் கரை மாதிரி மரத்துக்கு ஒரு கரை. யாரும் அதை நின்று பார்ப்பதில்லை. அது இல்லாத வாசலைப் பார்த்தால் மட்டும், ஏதோ குறைகிறதே என்று தோன்றும்.

இந்தக் கரைக்கு அழகைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. மரத்தின் கூரான விளிம்பு ஒரு நெல்மூட்டை இடித்தாலே சிதைந்துபோகும், உருட்டிவிட்டால் தாங்கும். இன்னொரு காரணம் சற்று நுட்பமானது. அறுத்துப் பலகையான பிறகும் மரம் அசைந்துகொண்டுதான் இருக்கிறது. நீளவாட்டில் அநேகமாக மாறாது. அகலவாட்டில் பங்குனி வெயிலுக்குச் சுருங்கும், ஐப்பசி மழைக்கு உப்பும். இரண்டு பலகைகளை எவ்வளவு நெருக்கிச் சேர்த்தாலும் ஒருநாள் நடுவே மயிரிழை இடுக்கு விழுந்தே தீரும். அந்த இடத்தில் ஓர் உருட்டும் பக்கத்தில் ஒரு பள்ளமும் ஓடவிட்டால், பள்ளத்தின் நிழலோடு இடுக்கின் நிழலும் கலந்துவிடுகிறது. கண் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

நிழலைக் கொண்டு வேலை செய்வது நம் சிற்பிகளுக்கும் கைவந்த வித்தைதான். கோயில் அடித்தளத்தைப் பாருங்கள். தரையோடு உபானம், அதன்மேல் ஜகதி, உருண்டையாகவோ பட்டையாகவோ குமுதம், உள்வாங்கிய கண்டம், மறுபடி வெளியே நீட்டிய பட்டிகை. 1010இல் குடமுழுக்குக் கண்ட தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜனின் கல்வெட்டுகளே இந்த வரிசைகளின் மேல்தான் ஓடுகின்றன. கல்லில் சாண் கணக்கில் செய்ததை மரத்தில் விரற்கடைக் கணக்கில் செய்தார்கள் தச்சர்கள்.

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது எங்கள் வீட்டு வாசலைக் கறையான் அரித்தபோது.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் பூர்வீக வீடு. பாகப் பிரிவினையில் கூடம் அண்ணனுக்கும், இரண்டாங்கட்டு எனக்கும் வந்தன. வாசல் மட்டும் பொது. பிரிவினைக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சும் சுருங்கிப்போயிருந்தது. நிலையின் இடது காலில் கீழே இரண்டடி உளுத்து உதிர்ந்ததும் அண்ணன் சொன்னார்: “இதைப் பிடுங்கிப் போட்டுட்டு ஆளுக்கொரு வாசல் வெச்சுக்கலாம்டா. யாருக்கும் தொந்தரவு இல்லே.” கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். நான் ஒரு மாதம் தவணை கேட்டேன்.

கடைகளில் மெஷினில் இழைத்த பீடிங் சட்டங்கள் கட்டுக்கட்டாகக் கிடைக்கின்றன. எங்கள் வீட்டுக் கரைக்கு ஒன்றுகூடப் பொருந்தவில்லை. கடைசியில் எழுபது தாண்டிய ஓர் ஆசாரி வந்து பார்த்தார். கரையின் மேல் கட்டைவிரலை ஒருமுறை ஓட்டினார்.

“மெஷினுக்கு இருக்கிற அளவுதான் மெஷின் போடும் தம்பி. இது இந்த வீட்டு அளவு. இதுக்குத் தனியா ஆயுதம் செய்யணும்” என்றார்.

ஆயுதம் என்றதும் ஏதோ பெரிதாக எதிர்பார்த்தேன். பல் தேய்ந்த பழைய கைரம்பம் ஒன்றிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு நறுக்கிக்கொண்டார். ரம்பத்து எஃகு அரத்துக்கு இணங்கும். அதனால்தானே அதன் பல்லை அராவித் தீட்ட முடிகிறது! வெட்டியெடுத்த பழைய காலில் உளுக்காத இடம் பார்த்துக் குறுக்கே அறுத்து, முகத்தில் மசி தடவிக் காகிதத்தில் ஒற்றினார். கரையின் வடிவம் முத்திரை போல விழுந்தது. அதை எஃகில் வரைந்து, மேட்டுக்குப் பள்ளமும் பள்ளத்துக்கு மேடுமாக எலிவால் அரத்தால் ராவினார். அரைநாள் போயிற்று. பிறகு கருவேலங்கட்டை ஒன்றை ‘ட’ போல வெட்டி, அதில் நீளமாக ஒரு கீறல் அறுத்து, தகட்டைச் செருகி, இரண்டு திருகாணியால் இறுக்கினார். அவ்வளவுதான் ஆயுதம். ஆங்கிலத் தச்சர்கள் இதை ‘ஸ்கிராட்ச் ஸ்டாக்’ என்பார்களாம்.

பழைய காலைச் சாய்வாக வெட்டிவிட்டிருந்ததால் புதுத் தேக்குத் துண்டையும் அதே சாய்வில் வெட்டி, பொருத்துவதற்கு முன்பே கரை ஓடவிட்டார். பொருத்திய பிறகு படியோரத்து மூலைக்குள் ஆயுதம் போகாது. இழைப்புளி போல இது மரத்தைச் சீவுவதில்லை, சுரண்டுகிறது. எடுத்த எடுப்பில் முழு நீளமும் இழுத்தால் மரத்தின் ரேகையோடு ஓடிக் கோணிவிடும். ஆகவே கோடியில் ஒரு சாண், பிறகு கொஞ்சம் பின்னால் தள்ளி ஒரு சாண் என்று தடம் பிடித்துக்கொண்டுதான் நீள ஓட்டினார். கட்டையின் காலை மரத்தின் விளிம்போடு அழுத்தி, தகட்டைப் போகிற திசையில் சற்றே சாய்த்து, பத்து முறை, ஐம்பது முறை. விழுந்தது சுருள் அல்ல, மாவு மாதிரித் துகள். தேக்கில் நுண்ணிய மணற்சத்து உண்டு. எந்தக் கூரையும் சீக்கிரம் மழுக்கிவிடும். மழுங்கினபோதெல்லாம் தகட்டின் இரு பக்கங்களை மட்டும் கல்லில் தேய்த்தார். வடிவத்தைத் தொடவில்லை.

துண்டு ஆடிக்கொண்டிருந்தது. திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அண்ணன் எழுந்துவந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். மறுமுனையை நான் பிடித்திருந்தேன். ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். பேசியதெல்லாம் ஆசாரிதான். தம் பிள்ளைக்குத் திருப்பூரில் மெஷின் பட்டறையில் வேலை என்றார். “அங்கே ஒரு நிமிஷத்திலே பத்தடி ஓடுது. நல்லாத்தான் இருக்கு” என்றார். அதில் வருத்தம் இருந்ததா என்று எனக்குப் புரியவில்லை.

கடைசியில் மரத்தூளையே ஒரு கைப்பிடி அள்ளிக் கரையின்மேல் அழுத்தித் தேய்த்தார். பளபளவென்று வந்தது. ஒட்டுப் போட்ட இடத்தை அண்ணன் குனிந்து பார்த்தார்.

“இடுக்கு தெரியறதே?”

“தெரியத்தான் செய்யும். ரெண்டும் வேற வேற மரம். கரை மட்டும் விட்டுப்போகாம ஓடணும், ஓடுது பாருங்க.”

போகும்போது அந்த ஆயுதத்தை எங்களிடமே கொடுத்துவிட்டார். எதிர்க்காலும் ஒருநாள் கெடும், அன்றைக்கு வேண்டும். வேறு எந்த வீட்டுக்கும் இது உதவாது என்றார்.

அது இப்போது வாசலுக்கு உட்புறம் விளக்கு மாடத்தில் இருக்கிறது. துருப்பிடிக்காமல் அண்ணன் அவ்வப்போது எண்ணெய் தடவி வைக்கிறார். ஆளுக்கொரு வாசல் என்ற பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.