மணலைத் தேடி ஒரு நடை

சென்ற மார்கழியில் பாரிஸிலிருந்து பெரியம்மாவின் கடிதம் வந்தது. பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் புதுச்சேரிப் பேச்சில் 'சொல்தா'. 1971-ல் அவரைக் கைப்பிடித்துச் சீமைக்குப் போன பெரியம்மா கடைசியாக ஊருக்கு வந்தது 1984-ல், ஒரு கல்யாணத்துக்கு. அப்போது நான் பிறக்கக்கூட இல்லை.

"பேரன் என்னை இங்கிலாந்துக்கு அழைத்துப் போய், கடலோரத்துச் சுண்ணாம்புக் குன்றுகளைக் காட்டினான்" என்று எழுதியிருந்தாள். "ஏழு சகோதரிகள் என்று பெயராம். ஏழும் வெள்ளை வெளேரென்று நிற்கின்றன. அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால், நடந்தபோதெல்லாம் என் கண்ணில் நின்றது குருசுக்குப்பத்து மணல். தை பிறந்ததும் வருகிறேன். நம் வீட்டு வாசலிலிருந்து கடல் பாலம் வரைக்கும் மணலிலேயே நடக்க வேண்டும். ஏற்பாடு செய்து வை."

அந்தப் பேரன் செய்திருந்த ஏற்பாட்டைப் படித்தபோது எனக்கே பொறாமையாக இருந்தது. சீபோர்டிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை சுமார் 22 கிலோமீட்டர். பாட்டிக்கு அதில் எவ்வளவு முடியும், எந்த இடத்தில் பஸ் கிடைக்கும், காற்று எப்படி, கீழே இறங்கினால் கடல் எப்போது ஏறும், எல்லாம் குறித்து வைத்திருந்தானாம். எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் எச்சரிக்கை: விளிம்புக்குப் பக்கத்தில் போகவே கூடாது! 162 மீட்டர் உயரமுள்ள 'பீச்சி ஹெட்' முனையானாலும் சரி, சுண்ணாம்புப் பாறை எப்போது சரியும் என்று சொல்ல முடியாது. பர்லிங் கேப் என்ற இடத்தில் விளிம்பிலிருந்த வரிசை வீடுகளில் சில இன்று இல்லை.

நானும் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். நம் கடலில் ஏற்றவற்றம் அவ்வளவு பெரிதல்ல, வெயில்தான் பெரிது. ஆகவே, காலை ஐந்தரைக்குப் புறப்பாடு. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகள் வராது, கிழவிக்கு நிம்மதி. வழியில் சூரியோதயம், முடிவில் காபி. எல்லாம் சரி. மணலுக்கு எங்கே போவேன்?

குருசுக்குப்பத்தில் இன்று கடலுக்கும் தெருவுக்கும் நடுவே இருப்பது கருங்கல் குவியல். கதை இதுதான். நம் கரையோரமாக மணல் ஓய்வில்லாமல் பயணம் செய்துகொண்டே இருக்கிறது. வருஷக் கணக்குப் பார்த்தால், தெற்கேயிருந்து வடக்கே போவதுதான் அதிகம். 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் கடலுக்குள் நீளமாகக் கற்சுவர்கள் எழுந்தன. மணல் தெற்கே தங்கிவிட்டது. வடக்கே கடல் அரித்தது. தடுக்கக் கல்லைக் கொட்டினார்கள். துறைமுகம் வேண்டாமென்று சொல்ல நான் யார்? ஆனாலும், யாரோ வாங்கிய கடனைக் குருசுக்குப்பமும் வைத்திக்குப்பமும் கட்டுகிற மாதிரி இருக்கிறது.

இதைக் கடிதத்தில் எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால் ஒரு தந்திரம் செய்தேன். நடையைக் காந்தி சிலையிலிருந்து தொடங்குவதாகத் திட்டம் போட்டேன்.

பெரியம்மா வந்தாள். திட்டத்தை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

"ஏண்டி கண்ணு, நம்ம வீடு எங்கே?"

"நடை ஜாஸ்தியாகிவிடும், பெரியம்மா..."

"குன்று ஏறினவளுக்குக் குப்பம் தூரமா? எதையோ மறைக்கிறே நீ."

மறுநாள் விடியற்காலை வாசலிலிருந்தே புறப்பட்டோம். தெருக்கோடியில் பெரியம்மா நின்றாள். கல்லில் அலை மோதித் தெறித்தது. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம், "இங்கே நண்டு வளை இருக்குமே, எங்கேப்பா?" என்று கேட்டாள்.

"மணல் இருந்தாத்தானே ஆயா வளை இருக்கும்? படகே இப்போ தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் போயிடுச்சு" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

பெரியம்மா சிரிக்கவில்லை. மெதுவாகத் தெற்கே நடந்தாள். பிரெஞ்சுப் போர் நினைவிடம், 1836-ல் ஏற்றி 1979-ல் ஓய்ந்த பழைய கலங்கரை விளக்கம், காந்தி சிலை. "இந்தச் சிலை வைத்த 1965-லே எனக்குப் பதினைந்து வயசு" என்றாள். அவள் ஆசைப்பட்ட கடல் பாலத்தின் ஒரு பகுதியும் 2022 மார்ச்சில் சரிந்துவிட்டது. அதையும் அப்போதே சொல்லிவிட்டேன். இனி ஒளிக்க என்ன இருக்கிறது?

பெரியம்மா சட்டென்று நின்றாள். அங்கே மணல்! 2018-ஐ ஒட்டிக் கடலுக்கடியில் எஃகுத் தடுப்பு ஒன்றை அமைத்தார்கள். அதன் பயனாக மணல் கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது. செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, எழுபத்தைந்து வயதுக்காரி சின்னப் பெண் மாதிரி இறங்கி நடந்தாள். ஐந்து நிமிஷம் கழித்து, "இதோ இருக்குடி நண்டு வளை!" என்று ஒரு கூச்சல்.

காபி குடிக்கும்போது சொன்னாள்: "அங்கே பாறை தானாகச் சரியுது. அதை ஒளிக்காமல், தள்ளி நின்று பார் என்று பேரன் சொன்னான். நீ மட்டும் எனக்கு நல்ல பாதியைக் காட்டப் பார்த்தே. போனது எது என்று தெரிந்தால்தானே வந்தது எது என்று தெரியும்?"

நான் தலைகுனிந்து காபியைக் குடித்தேன்.

போன வாரம் மறுபடி கடிதம். அடுத்த தைக்குப் பேரனையும் அழைத்து வருகிறாளாம். கடைசி வரியை அடிக்கோடிட்டிருந்தாள்: "புறப்படும் இடம் வீட்டு வாசல். மாற்றாதே."